கட்டைவிரல் கோழிக்குஞ்சுகள்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் விக்டோரியாவை எப்படி விட்டோம்? சின்னக்கரட்டுப்பட்டிப் பருத்திக் கொட்டகையில், இருபத்தாறு பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கை வரை மையோடு சிரித்துக்கொண்டு நிற்க விட்டோம். கல்வி இலாகா டெபுடி ஐயா மறுநாள் வருகிறார். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருபது பேராவது வகுப்பில் இருந்தால்தான் கொட்டகைக்குப் பள்ளிக்கூடம் என்ற பேர் நிலைக்கும். ஒரு தலை குறைந்தாலும் பூட்டுத்தான்.

வருகிறவர் கண் குளிரட்டும் என்று அவள் ஒரு வேலை செய்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் கட்டைவிரலையும் கடுக்காய் மையில் தோய்த்துக் காகிதத்தில் பதிய வைத்தாள். பதிந்த வட்டத்துக்கு இரண்டு காலும் ஒரு மூக்கும் வரைந்தால் கோழிக்குஞ்சு! கீழே அந்தந்தப் பிள்ளையே தன் பேரை எழுதியது. சுவர் முழுக்க இருபத்தாறு குஞ்சுகள். பிள்ளைகள் கறுத்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடின.

அந்த மறுநாள் இப்போது விடிந்துவிட்டது.

எட்டரை மணிக்கு விக்டோரியா வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டினாள். வழக்கமாக மூன்றாவது தட்டுக்குள் தெருப்புழுதி கிளம்பிவிடும். இன்றைக்கு ஒரு கோழிகூட ஓடவில்லை.

மறுபடியும் தட்டினாள்.

"அதை உடைச்சிராத, தாயி. கேக்கிறவுகளுக்கு ஒரு தட்டே போதும்" என்றாள் மாமியார் மரியம்மாள், கஞ்சிப்பானையை இறக்கிக்கொண்டே. பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி காய்ச்சுவதற்காகவே மதுரை வீட்டைப் பூட்டிவிட்டு மருமகளோடு வந்து கிடப்பவள் அவள். கடுக்காய் மை காய்ச்சியதும் அவள்தான்.

அவள் மகன் மைக்கேல்ராஜ், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தான். மதுரையில் மில் குமாஸ்தா. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். மதுரை மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் விக்டோரியாவுக்கு வேலை தயார் என்கிற கடுதாசி அவன் சட்டைப்பையில் இருக்கிறது. புருஷன் ஓர் ஊர், பெண்டாட்டி ஓர் ஊர் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. இருவருக்கும் பேச்சு இதுதான்: டெபுடி சரியென்றால் அவன் வாயைத் திறக்கமாட்டான். இல்லையென்றால் சித்திரையில் அவள் மூட்டை கட்ட வேண்டும்.

"பருத்தி எடுக்கக் கூட்டிப் போயிட்டாங்களோ?" என்றான்.

"நாலு வயசுப் பிள்ளையா பருத்தி எடுக்கும்? இருங்க, பாத்துட்டு வாரேன்."

முதல் தெருவில் முதல் வீடு முத்துத்தாய் வீடு. வாசலில் முத்துத்தாய் குந்தியிருந்தாள். முன்னால் அவள் மகள் அன்னக்கொடி. ஆறு வயது. தாய் ஒரு கையால் பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் புளியும் செங்கல் பொடியும் சேர்த்து அந்தக் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் சிவந்து தோல் உரிந்திருந்தது. மை மட்டும் போகவில்லை. பிள்ளை அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, முத்துத்தாய்! எதுக்கு இப்படித் தேய்க்கிறே? நாலு நாள்ல தானா போயிருமே!"

முத்துத்தாய் நிமிரவில்லை.

"போயிருமாக்கும். எங்க வீட்டு ஆம்பளைக்கு வச்ச மை பதினோரு வருசமாப் போகல, டீச்சரம்மா."

விக்டோரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தக் காலத்தில் மதுரைக்கு மேற்கேயும் தெற்கேயும் எத்தனையோ ஊர்கள், ஊரையே குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்த கைரேகைச் சட்டத்துக்குள் கிடந்தன. இந்த ஊரில் மீசை அரும்பிய ஒவ்வொருத்தன் விரலையும் போலீஸ் ஸ்டேஷனில் மையில் தோய்த்துப் பதித்து, பக்கத்தில் பேரையும் தகப்பன் பேரையும் எழுதி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் திருடினானோ இல்லையோ, பொழுது சாய்ந்தால் கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். விடிந்துதான் வீடு.

விக்டோரியாவுக்கு இது தெரியாதா? தெரியும். எட்டு மாதமாக அந்தக் கம்பளி வரிசை கொட்டகையைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும், பிள்ளையின் விரலை மையில் தோய்க்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. படித்த படிப்பில் விரல் என்றால் கோழிக்குஞ்சு என்றுதான் இருந்தது.

"ஆம்பளைகளுக்குப் பதினாறு வயசாச்சும் விட்டுவச்சாக" என்றாள் முத்துத்தாய். "நீங்க நாலு வயசுலயே புடிச்சுட்டீக. ஊரே ராத்திரி சோறு திங்கல."

* * *

கொட்டகைக்குத் திரும்பிய விக்டோரியா அழுவாள் என்று மரியம்மாள் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. நேரே சுவருக்குப் போய்க் கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள். சோற்றுப்பசை நன்றாகப் பிடித்திருந்தது. இரண்டு மூன்று ஓரத்தில் கிழிந்தன.

விஷயத்தைக் கேட்ட மைக்கேல்ராஜ் கையைப் பிசைந்தான்.

"அதை ஏன் எடுக்கிறே? டெபுடிக்குக் காட்ட வேற என்ன இருக்கு உங்கிட்ட?"

"காட்டறதுக்கு முதல்ல பிள்ளைங்க வேணும்."

"மை காச்சுன பாவி நாந்தேன்" என்று மரியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "நல்லாப் பிடிக்கட்டும்னு ரெண்டு கடுக்காய் கூடவே தட்டிப் போட்டேன்."

"நீங்க காச்சுனீங்க, அத்தை. விரலைப் பிடிச்சது நான்."

"நான் போய்ப் பேசிப் பாக்கட்டுமா?" என்றான் மைக்கேல்ராஜ்.

"வாங்க. ஆனா பேசாதீங்க."

காகிதங்களை ஒரு கையிலும், பிள்ளைகளின் பேர் எழுதிய ரிஜிஸ்தரை மறுகையிலும் எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள்.

ஊர்ச்சாவடியில் ஆண்கள் கூடியிருந்தார்கள். வேப்பமரத்துப் பக்கமாகப் பெண்கள். பிள்ளைகள் தாய்மார் சேலைக்குப் பின்னால். விக்டோரியாவைக் கண்டதும் ஒரு குட்டி, "டீச்சர்!" என்று ஓடிவரப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு கை இழுத்துக்கொண்டது.

அவள் சுற்றிவளைக்கவில்லை.

"உங்ககிட்டக் கேக்காம உங்க பிள்ளைங்க விரலை மையில வச்சேன். தப்பு. விளையாட்டாத்தான் செஞ்சேன். ஆனா உங்களுக்கு அது விளையாட்டு இல்லைன்னு நான் யோசிச்சிருக்கணும். இந்தாங்க, அவங்கவங்க காகிதம். வச்சுக்கிட்டாலும் சரி, அடுப்புல போட்டாலும் சரி."

ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக் கொடுத்தாள். வாங்கியவர்கள் காகிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார்கள். பெண்களில் ரெங்கம்மாள் மட்டும், "இம்புட்டுக்காணு குஞ்சுக்கு இம்புட்டு நீள மூக்கா!" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாவடித் தூணில் சாய்ந்திருந்த விருமாண்டி எழுந்தார். ஊரில் நாலு பேர் கேட்கிற பேச்சு அவருடையது.

"காயிதம் வந்துருச்சு. சந்தோசம். அந்த நோட்டு?"

"அது பள்ளிக்கூட ரிஜிஸ்தர், அண்ணே. பிள்ளை வந்துச்சா, வரலையா, எப்படிப் படிக்குதுன்னு எழுதறது. சர்க்காரோடது. குடுக்க எனக்கு உரிமை இல்லை."

"அதேன் எங்களுக்கும் பயம். சர்க்கார் நோட்டுல பேரு, தகப்பன் பேரு, வயசு. டேசன் நோட்டுலயும் அதேன் இருக்கு."

"என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கிறேன், கேளுங்க."

விக்டோரியா திறந்து வாசித்தாள். "காளை, கண்ணுச்சாமி மகன், வயது ஐந்து. சோலையம்மாள், வெள்ளைத்துரை மகள், வயது நாலரை. எண்ணுவதில் கெட்டி…"

விருமாண்டி கையைத் தூக்கினார்.

"டேசன்லயும் ரைட்டரய்யா இப்படித்தேன் வாசிச்சுக் காட்டுனாரு. கேட்டுக்கிட்டே விரலை நீட்டுனோம். நீங்க வாசிக்கிறதுதேன் அதுல இருக்குன்னு எப்படித் தெரியும்?"

மைக்கேல்ராஜுக்குப் பொறுக்கவில்லை. "என் சம்சாரம் பொய் சொல்லுவாங்கறீங்களா?"

"கோவப்படாதீக, மாப்ள. அவுக பொய் சொல்றாகன்னு நான் சொல்லல. எங்களுக்குத் தெரியாதுங்கறேன். ரெண்டும் வேற."

சாவடியில் இருந்த அத்தனை பெரியவர்களில் ஓர் எழுத்துத் தெரிந்தவர் கிடையாது.

விக்டோரியா ரிஜிஸ்தரை மூடினாள். ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு அதைக் கொண்டுபோய் விருமாண்டி கையிலேயே கொடுத்தாள்.

"நீங்க சொல்றது நியாயம். நான் வாசிக்க வேணாம். உங்க பிள்ளை ஒண்ணு வாசிக்கட்டும். எதுன்னு நான் சொல்லமாட்டேன், எந்தப் பக்கம்னும் சொல்லமாட்டேன். நீங்களே பாத்துக்குங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "இதுகளா? பால்பல்லு விழல, சர்க்கார் நோட்டு வாசிக்குமாக்கும்!"

"ட-வும் ப-வும் தானத்தா சொல்லிக்கிட்டுத் திரியுதுக!"

அதுவும் உண்மைதான். ஊர் உலகமெல்லாம் 'அ'வில் தொடங்கும்போது விக்டோரியா ட, ப, ம என்று தொடங்கியிருந்தாள். கோடு கோடாக இழுத்தால் எழுத்தாகிவிடும். புளியங்கொட்டையை மணலில் அடுக்கினாலே வந்துவிடும். முதல் வாரத்திலேயே பிள்ளை 'படம்' என்று வாசித்துவிடும். வாசித்த ருசி கண்டுவிட்டால் வளைந்த எழுத்தெல்லாம் தானே பின்னால் வரும் என்பது அவள் கணக்கு.

அதுவரை ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த முத்திருளன் எழுந்தான். முத்துத்தாயின் புருஷன். அதிகம் பேசாதவன்.

"அன்னக்கொடி, இங்க வா."

பிள்ளை வந்தது. விருமாண்டி கைக்கு வந்த இடத்தில் பிரித்து, நோட்டைத் தரையில் வைத்தார். அன்னக்கொடி குந்தி உட்கார்ந்து, கண்ணால் மேலும் கீழும் தேடியது. நாலாவது வரியில் ஒன்றைக் கண்டுபிடித்துச் சிரித்தது. கட்டைவிரல் எரிந்ததால் சுட்டுவிரலை வைத்தது.

"அன்… னக்… கொடி. எம்பேரு! முத்… தி… ருளன்… மகள். வய… து… ஆறு."

சிரிப்பு அடங்கிவிட்டது. வேப்பமரத்துப் பக்கமிருந்த பெண்கள் ஓரடி கிட்டே வந்தார்கள்.

"மேல வாசி, தாயி" என்றான் முத்திருளன்.

"பாட்… டு… நன்… றாக… வரும். காலை… யில்… தூங்கி… விழுகி… றாள்."

அடுத்த வரியில் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்பது விக்டோரியாவுக்கு நினைவு வந்துவிட்டது. ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், யோசிக்காமல் எழுதியது. கையை நீட்டிப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். 'போதும் கண்ணு, நல்லா வாசிச்சே' என்று எழுப்பிவிடலாம். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தகப்… பன்… இர… வில்…" பிள்ளை நிமிர்ந்தது. "இந்த எழுத்து நீங்க சொல்லித் தரலையே, டீச்சர்."

சாவடி முழுக்க அவளைப் பார்த்தது.

"ஸ்டேஷன்" என்றாள் விக்டோரியா, எல்லோருக்கும் கேட்கும்படி.

"தகப்பன் இரவில் ஸ்டேஷனில். பய… த்தில்… பிள்ளை… தூங்கு… வதில்… லை."

"பாத்தீகளா?" என்றார் விருமாண்டி மெதுவாக. "டேசனும் இதுல இருக்கு."

"பொறுங்கண்ணே." முத்திருளன் மகளுக்கு எதிரே குந்தினான். "நெசமா அப்படித்தேன் போட்டிருக்கா, தாயி?"

"ஆமாப்பா. இந்தா பாருங்க, 'பயத்தில்'. மொதல்ல ப, அப்புறம் ய."

"நீ ராத்திரி பயந்துக்கிட்டா தூங்காமக் கெடக்கே?"

பிள்ளை தலையை ஆட்டியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"ராத்திரி நீங்கதான் இல்லையே."

முத்துத்தாய் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். முத்திருளன் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரிஜிஸ்தரை மூடி, இரண்டு கையாலும் தூக்கி, விக்டோரியாவிடம் கொடுத்தான்.

"அண்ணே, எம்பேரு ரெண்டு நோட்டுல இருக்கு" என்றான் விருமாண்டியைப் பார்த்து. "ஒண்ணுல என்ன எழுதியிருக்குன்னு இன்னைய வரைக்கும் எனக்குத் தெரியாது. விரலை மட்டும் வச்சுக்கிட்டு வாரேன். இன்னொண்ணை எம்மகளே எனக்கு வாசிச்சுச் சொல்லிட்டா. எழுதியிருக்கிறதும் நெசந்தேன். எம்பிள்ளை பள்ளிக்கூடம் போகும். நீங்க உங்க இஷ்டப்படி செய்ங்க."

விருமாண்டி மீசையைத் தடவினார். அவருக்கும் அந்தக் கொட்டகையில் ஒரு பேரன் உண்டு.

"இனிமே மை கூடாது" என்றார்.

"மை உண்டு, அண்ணே. பேனாவுக்கு. விரலுக்குக் கிடையாது."

"வாய்க்குக் குறைச்சல் இல்ல" என்று விருமாண்டி திரும்பி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே உத்தரவு. சேலைகளுக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் புறப்பட்டன.

* * *

மூன்று மணிக்கு டெபுடி ஐயா மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். தலைப்பாகை, குடை, கறுப்புக் கோட்டு, வழியெல்லாம் புழுதி. பிள்ளைகளை இரண்டு தரம் எண்ணினார். இருபத்து மூன்று. மூன்று பேர் இன்னும் வரவில்லை. முனியாயி வீட்டு இரட்டைப் பிள்ளைகளும் இன்னொன்றும். வருவார்கள், கொஞ்ச நாள் ஆகும்.

"சுவரில் என்ன ஒட்டியிருந்தீர்கள்? பசைத் தடம் இருக்கிறதே."

"பிள்ளைங்க சொத்துங்கய்யா. வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க."

அவர் பலகையில் 'மரத்தில் பட்டம்' என்று எழுதினார். இருபத்து மூன்று வாயும் ஒன்றாகக் கத்திய கத்தலில் வண்டிமாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

"அகரத்தில் தொடங்காமல் ட-வில் தொடங்கினீர்களாமே, விதியில் அப்படி இல்லையே, அம்மா" என்றார் அவர், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே.

"அகரத்துக்கும் வந்துட்டோம்ங்கய்யா. நாலு மாசம் கழிச்சு வந்தோம். வந்ததும் ஒரே நாள்ல எழுதிட்டாங்க."

டெபுடி ஐயா கையெழுத்துப் போட்டார். மரியம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று இன்னொரு தரம் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் மைக்கேல்ராஜ், "அப்போ சித்திரைக்கு மதுரை கிடையாது" என்றான்.

"நீங்க வேணா இங்க வந்துருங்களேன்."

"மில்லை யார் தலையில தூக்கிக்கிட்டு வர்றது?"

"ரெண்டு பேரும் சண்டையக் கஞ்சி குடிச்சுட்டுப் போடுங்க" என்றாள் மரியம்மாள். "காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல."

பேச்சில் அவன் விட்டுக்கொடுத்துவிட்டான். ஆனால் அந்தக் கடுதாசி இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது என்பதை விக்டோரியா பார்த்தாள். பார்த்ததை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

வெயில் சாயத் தொடங்கியது. பருத்திக் காட்டுக்கு மேல் சூரியன் சிவந்து நின்றபோது, ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கம்பளியோடு ரோட்டில் இறங்கினார்கள். அந்த வரிசையிலிருந்து முத்திருளன் மட்டும் பிரிந்து கொட்டகைக்கு வந்தான். ஒரு கையில் அன்னக்கொடி. மறுகையில் மூங்கில் குழாய் ஒன்று. கரி பிடித்துக் கறுத்திருந்தது. அடுப்புக்கு மேலே கூரையில் செருகியிருந்ததாம்.

குழாயிலிருந்து சுருட்டிய காகிதம் ஒன்றை உருவினான்.

"மூணு வருசத்துக்கு முந்தி பெரிய அதிகாரி ஒருத்தர் முகாம் போட்டாரு, டீச்சரம்மா. எங்களை வரிசையா நிறுத்தி, எனக்கு மட்டும் இதைக் குடுத்தாரு. பத்திரமா வச்சுக்கன்னாரு. வச்சுக்கிட்டேன்."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"வாசிக்கத் தெரிஞ்சவுகன்னா டேசன்லதேன் இருக்காக. அங்க காட்டி, பிடுங்கிக்கிட்டா? என்ன தண்டனைக் காயிதமோன்னும் ஒரு பயம். இன்னைக்குத்தேன் வீட்டுல வாசிக்க ஆளு இருக்கேன்னு தோணுச்சு."

விக்டோரியா கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீக. பிள்ளையே வாசிக்கட்டும். நீங்க பக்கத்துல இருங்க, தப்பினாச் சொல்லுங்க."

அன்னக்கொடி கொட்டகை வாசலில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் விரித்தது. விக்டோரியா குனிந்தாள். மைக்கேல்ராஜும் வந்து நின்றான்.

"மேற்… படி… முத்தி… ருளன்… நன்… னடத்தை… காரண… மாக… இனி… இரவில்… வந்து… தங்க…"

மைக்கேல்ராஜ் மேலே சொல்ல வாயெடுத்தான். விக்டோரியா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வேண்… டிய… தில்… லை." பிள்ளை நிமிர்ந்தது. "இனி இரவில் வந்து தங்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் டீச்சர், கீழ கையெழுத்து."

விக்டோரியா தேதியைப் பார்த்தாள். மூன்று வருஷம், இரண்டு மாதம்.

ரோட்டிலிருந்து குரல் வந்தது. "முத்திருளா! வாடா, நேரமாச்சு! பேரு கூப்பிட்டுருவாக!"

முத்திருளன் கம்பளியை இடுக்கியபடி நின்றான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"அப்பா" என்றது பிள்ளை. "அப்ப இன்னைக்கு நீங்க வீட்டுலயா படுப்பீக?"

அவன் பிள்ளையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், கடைசியில் விக்டோரியாவைப் பார்த்தான். போகாமல் இருந்தால் விடிவதற்குள் ஆள் வரும். காகிதத்தைக் கொண்டு போனால், மூன்று வருஷத்துக்கு முந்தைய இந்த எழுத்தை அங்கே ஒப்புக்கொள்வார்களா?

"என்னங்க, லாந்தரை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள் விக்டோரியா. "அத்தை, என் செருப்பு எங்க?"

"எங்கத்தா கெளம்புறே, இந்நேரத்துல?"

"ஸ்டேஷனுக்கு."

அவள் குனிந்து, அன்னக்கொடியின் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"எந்திரி, கண்ணு. மூஞ்சியைக் கழுவிக்க. இதை அங்க வந்து இன்னொரு தரம் வாசிக்கணும், இதைவிடச் சத்தமா."